பேட்டுக்கு எத்தனை பவுண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில், பேட்மிண்டன் பேட்டுக்குக் கட் போடும், அதாவது இழை கட்டும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். பகலில் பார்ப்பது வேறு வேலை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேட், ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கைந்து. பேட்டைக் கொடுக்க வருகிறவர்கள் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள். நான் அரை பதில் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக முழுப் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். பேட்மிண்டனின் இறகுப்பந்தை நாம் பேச்சில் ‘காக்’ என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் அது ‘காக்கை அடித்தான்’ என்று வந்து, பறவை ஒன்று இடையில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஷட்டில் என்றே எழுதியிருக்கிறேன்.

பவுண்டு, டென்ஷன் என்கிறார்களே, அது எதன் அளவு?

கட் போடும்போது ஒவ்வோர் இழையையும் மெஷின் எவ்வளவு பலத்தோடு இழுத்துப் பிடிக்கிறது என்பதன் அளவு. 24 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 10.9 கிலோ. தண்ணீர் நிரம்பிய வாளி ஒன்றை ஒற்றை இழையில் தொங்கவிட்டால் அந்த இழை படும் பாடு அது. பெரும்பாலான பேட்டுகளில் நெடுக்காக 22 இழை ஓடும்; குறுக்காக 21 அல்லது 22. நெடுக்கு இழைகளின் இழுவையை மட்டும் கூட்டினாலே 240 கிலோ வருகிறது. மொத்த எடையே எண்பது சொச்சம் கிராம்தான், அந்தப் பேட் இதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நான் கட் போடத் தொடங்கிய முதல் மாதம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மெஷின் பக்கம் போகவில்லை.

பத்தமடையில் பாய்த் தறியையோ வீரவநல்லூரில் சேலைத் தறியையோ பார்த்தவர்களுக்கு மீதி சுலபம். நெடுக்கு இழை பாவு, குறுக்கு இழை ஊடை. பாவை இழுத்துக் கட்டிவிட்டு ஊடையை ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழுமாகக் கோத்து வருகிறோம். தறியில் பாவுதான் விறைத்து நிற்கும். பேட்டில் ஊடையையும் அதற்குக் குறையாத பலத்தில் இழுத்து நிறுத்த வேண்டும்.

டென்ஷன் கூடக் கூட அடி வேகமாகப் போகும்தானே?

போகாது. பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்து வைத்திருப்பது இதைத்தான்.

பனைநார்க் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்டுக் கொஞ்சம் தளர்ந்த கட்டிலில் பிள்ளைகள் குதித்தால் தூக்கிப் போடும். புதிதாக இழுத்துக் கட்டிய கட்டிலில் குதித்தால் பலகையில் விழுந்த மாதிரி இருக்கும். பேட்டும் அப்படித்தான். குறைந்த டென்ஷனில் இழைகள் உள்வாங்கி ஷட்டிலைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளு உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது. டென்ஷன் கூடினால் இலவசம் குறையும். வேகம் முழுவதும் உங்கள் தோள், முன்கை, மணிக்கட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

பிறகு எதற்கு ஆட்கள் கூட்டுகிறார்கள் என்றால், கட்டுப்பாட்டுக்காக. இறுக்கமான இழையில் ஷட்டில் தங்கும் நேரம் குறைவு. நினைத்த திசையில், நினைத்த உயரத்தில் கிளம்பும். வலையோரம் மெல்லத் தட்டிவிடும் அடி, டிராப் எல்லாம் கைக்கு அடங்கும். பலமாக வீசி அடிக்கத் தெரிந்தவருக்குத் தளர்ந்த இழை தொல்லைதான். ஷட்டில் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பேட் முகத்தின் நடுவில், பட்டால் நன்றாகப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. டென்ஷன் ஏற ஏற அந்த இடம் சுருங்கும். 22 பவுண்டில் இரண்டு விரல் தள்ளிப் பட்டாலும் ஷட்டில் அக்கரை சேரும். 28-இல் அதே இடத்தில் பட்டால் செத்துப்போய் வலையில் விழும்.

ஆனால் டென்ஷன் கூட வைத்தால் சத்தமே வேற மாதிரி வருதே, அண்ணாச்சி?

வரும். வெடி வெடித்த மாதிரி வரும். அந்தச் சத்தத்துக்காகவே என்னிடம் 28 கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். சத்தம் வேகமில்லை. ஒருவரை எதிர்ப்பக்கம் நிறுத்தி, ஷட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சத்தம்தான் வேண்டுமென்றால் மெல்லிய கட் போட்டுக்கொள்ளலாம், 24-இலேயே நன்றாகக் கேட்கும்.

சரி, எனக்கு எத்தனை போடலாம்? நேராகச் சொல்லுங்கள்.

வயதையும் பேட்டின் விலையையும் வைத்துச் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒரே கேள்வி. உங்கள் பின்கோட்டில் நின்று எதிராளியின் பின்கோட்டுக்குக் கிளியர் அடிக்க முடியுமா? கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். அடியெடுத்த முதல் ஐந்து நிமிடத்தில் முடியுமா என்று கேட்கவில்லை. மூன்றாவது கேமில், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகு முடியுமா?

முடியாது, பாதி தூரத்தில் விழுகிறது என்றால் 20 முதல் 22. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஆடி வேர்த்துவிட்டுப் போகிற பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இதுவே போதும். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை என்றால் 23 அல்லது 24. எப்போதும் முடிகிறது, பேக்ஹேண்டிலும் ஓரளவு போகிறது என்றால் 25, 26. அதற்கு மேலே 27, 28 என்பது தினமும் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு. மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ போட்டி ஆடுகிறவர்களுக்கு. முக்கியமாக, அடிக்கடி கட் மாற்றச் செலவு செய்ய முடிகிறவர்களுக்கு.

ஏற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு பவுண்டு. 22-இலிருந்து ஒரேயடியாக 26-க்குத் தாவினால் எது நன்றாயிற்று, எது கெட்டது என்று உங்களுக்கே தெரியாது.

ஒற்றையர், இரட்டையர் என்று பிரித்துக் கேட்கிறவர்களும் உண்டு. அதில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். இரட்டையரில் முன்னால் நின்று தட்டிப் போடுகிறவருக்கு ஒரு பவுண்டு கூட இருந்தால் பிடிக்கும், அவ்வளவுதான்.

“போட்ட புதுசுல கட்டையா இருந்துச்சு, பத்து நாள் கழிச்சுத்தான் செட் ஆச்சு.” இது ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கட் எதுவும் ‘செட்’ ஆவதில்லை, தளர்கிறது. நைலான் இழை இழுத்துக் கட்டிய நிமிடத்திலிருந்தே மெல்ல நீளத் தொடங்கும். முதல் நாளில்தான் அதிக இழப்பு. நீங்கள் ஆடினாலும் சரி, பேட்டை ஆணியில் மாட்டி வைத்திருந்தாலும் சரி. அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆக, நான் 27 போட்டுக் கொடுத்த பேட் பத்து நாளில் 27-இல் இல்லை. அப்போதுதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் உங்கள் கை கேட்கிற அளவு 27 இல்லை. இரண்டு மூன்று பவுண்டு கீழே. அடுத்த முறை 25 போட்டால் அந்தப் ‘பத்தாம் நாள்’ முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும்.

இதைச் சொன்னால் முகம் சுருங்கும். “இருபத்தஞ்சா? போன தடவையே இருபத்தேழு போட்டேனே?” என்பார்கள், சம்பளத்தைக் குறைத்துவிட்ட மாதிரி. வண்ணார்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி இரண்டு வருஷமாக 27 கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை மெஷினில் வேலை இருந்ததால் அவசரத்துக்கு 24-இல் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்டிருப்பது இன்னதென்று சொல்ல மறந்தும் போனேன். அடுத்த வாரம் வந்து, “அண்ணாச்சி, இந்தத் தடவை இருபத்தேழு கரெக்டா போட்டிருக்கீங்க” என்றான். உண்மையைச் சொன்னேன். இப்போது 24 தான் போடுகிறான். வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். போட்ட புதிதில் நன்றாக இருந்து, மூன்று வாரத்தில் ஷட்டில் கோட்டைத் தாண்டித் தாண்டி விழுகிறது என்றால் தளர்வு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பவுண்டு ஏற்றலாம். அல்லது இன்னும் சீக்கிரம் கட் மாற்றலாம்.

உலக அளவில் ஆடுகிறவர்கள் 30-க்கு மேல் போடுகிறார்களே?

போடுகிறார்கள். 2023-இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. அப்படி ஒரு கைக்கு இழையின் இலவசத் தள்ளு தேவையில்லை, கட்டுப்பாடுதான் தேவை. அவர்கள் பையில் ஐந்தாறு பேட் இருக்கும், போட்டி நடக்கும் இடத்திலேயே கட் போடுகிறவர் இருப்பார், அறுந்தால் கையை நீட்டி அடுத்த பேட்டை வாங்கிக்கொள்வார்கள். நம்மில் பலருக்கு ஒரே பேட். அதுவும் தம்பியோடு பங்கு.

நம் ஊர் வெயிலுக்கு டென்ஷனை மாற்ற வேண்டுமா?

வெயில் இரண்டு இடத்தில் கை வைக்கிறது: ஷட்டிலின் பறப்பில், இழையின் இழுவையில்.

சூடான காற்று லேசானது, ஷட்டிலைத் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. அதனால் ஷட்டில் வேகமாகவும் தூரமாகவும் போகும். ஃபெதர் (இறகு) ஷட்டில் டப்பாவில் 75, 76, 77, 78 என்று எண் போட்டிருப்பது இதற்குத்தான். எண் கூடினால் வேகம் கூடுதல். குளிர் நாடுகளில் 78 வாங்குவார்கள். நம் பக்கம் 76 போதும், சித்திரை மாதத்துத் தகரக்கூரைக் கோர்ட்டில் மதியம் ஆடுகிறவருக்கு 75 கூடச் சரிவரும். சோதித்துப் பார்க்க விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். கோட்டைத் தாண்டுகிறது என்றால் டப்பாவை மாற்றுங்கள். ஷட்டில் நீளமாகப் போகிறதே என்று அந்தக் கோளாறுக்கும் சேர்த்து டென்ஷனை மூன்று பவுண்டு ஏற்றச் சொல்லி வருகிறவர்கள் பலர்.

இழைக்கு வருவோம். நைலான் சூட்டில் இளகும், சீக்கிரம் தளரும். ஆனால் கோர்ட்டுக்குள் இருக்கிற சூட்டைவிட, கோர்ட்டுக்கு வெளியே நாம் செய்கிற காரியம்தான் அதிகம் கெடுக்கிறது. காலையில் ஆடிவிட்டு அப்படியே வேலைக்குப் போவோம். பேட் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, அல்லது வண்டியின் முன்பக்கம் வெயிலில் சாய்த்து வைத்தபடி. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, “போட்ட கட் நிக்கவே மாட்டேங்குது” என்று என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய? ஆபீசுக்குள் கொண்டுபோய் மேசைக்கு அடியில் வையுங்கள்.

கோடையில் நான் சொல்வது: குளிர்ந்த நேரத்தில் 24 சுகமாக இருந்தால் பங்குனி, சித்திரை, வைகாசியில் 25 போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆனி, ஆடியில் குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரலில் ஆடுகிறவர்கள் பழையபடி இறக்கிக்கொள்ளலாம். ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலும் பாளையங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் ஒரே வானிலை இருந்ததில்லை.

இன்னொரு கோடைத் தொல்லை ஃபெதர் காய்ந்து ஒடிவது. டப்பாவின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் சில விநாடி காட்டிவிட்டு மூடி, மறுநாள் எடுத்து ஆடினால் இறகு நின்று பிடிக்கும். இதற்கும் டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. கேட்காமல் சொல்லிவிட்டேன்.

பேட் மழையில் நனைந்தால்?

நைலான் ஈரம் குடிக்கும், இழுவை கொஞ்சம் விடும். துடைத்துக் காயவைத்து ஆடலாம். ஊறிப்போனால் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணித் தண்ணீரில் கிடந்த பேட்டுகள் சில என்னிடம் வந்தன. இழையைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்) தப்பியிருந்தது. கைப்பிடிக்குள் இருப்பது மரம். அது உப்பிப் பிளந்திருந்தது. அப்படிப்பட்ட பேட்டுக்குக் கட் போட்டுக் கூலி வாங்க மனம் வரவில்லை.

ஊரில் வெட்டவெளியில், நைலான் ஷட்டிலில் ஆடுகிறோம். எங்களுக்கு?

20 முதல் 22. அதற்கு மேல் வேண்டாம். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை சுற்றுகிற மாதங்களில் உங்கள் ஷட்டில் எங்கே விழும் என்பதைக் காற்று முடிவு செய்யும். இரண்டு பவுண்டு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. நைலான் ஷட்டில் கையில் கொடுக்கிற அதிர்வும் ஃபெதரைவிடக் கூடுதல். நைலான் ஷட்டிலின் கார்க்கைச் சுற்றிப் பச்சை, நீலம், சிவப்பு என்று வளையம் இருக்கும்: பச்சை மெதுவானது, சிவப்பு வேகமானது. நம் வெயிலுக்குப் பச்சையோ நீலமோ பாருங்கள்.

எங்கள் அப்பா அந்தக் காலத்துப் பூப்பந்து ஆட்டக்காரர். “நரம்பு தெறிக்கிற மாதிரி இழுத்துக் கட்டுலே” என்கிறார். கேட்கலாமா?

மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போடாதீர்கள். பூப்பந்தின் மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். நம் ஷட்டில் ஐந்து கிராம் சொச்சம். ஐந்தாறு மடங்கு கனமான பந்தை, கனமான பேட்டால், பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று அடிக்கிற ஆட்டம் அது. அதில் பழகிய கைக்கு நம் பேட் விசிறி மாதிரி இருக்கும். அவர் இறுக்கிக் கட்டச் சொல்வது அவர் ஆட்டத்துக்குச் சரி.

அவர் ‘நரம்பு’ என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். நாம் ‘கட்’ என்கிறோமே, ஆங்கிலத்தில் அதற்குக் குடல் என்று பொருள். ஒரு காலத்தில் விலங்குக் குடலைத் திரித்துத்தான் இழை செய்தார்கள். இப்போது போடுவதெல்லாம் நைலான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எந்தக் கட் வாங்குவது? அதற்கும் டென்ஷனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தடிமனைப் பாருங்கள். யோனெக்ஸ் பிஜி 65 என்பது 0.70 மில்லிமீட்டர்; நம் பக்கம் அதிகம் ஓடுவது இதுதான். பிஜி 80 0.68, நானோஜி 98 0.66, பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 0.63. மெலியும்போது தெறிப்பும் சத்தமும் கூடும், ஆயுள் குறையும். 0.65-ஐ 27-இல் இழுத்துக் கட்டி, பேட்டின் நுனியில் ஷட்டிலை வாங்குகிற பழக்கமும் இருந்தால் ஒரே சாயங்காலத்தில் அறுந்துபோகும். போன பங்குனியில் ஒருவருக்கு முதல் சர்வீஸ் எடுப்பிலேயே போயிற்று. நான் தான் சரியாகப் போடவில்லை என்று இன்றுவரை அவர் நம்புகிறார்.

மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அறுக்கிறவர் 0.70-க்கு மாறுங்கள். மெல்லிய இழையிலிருந்து தடித்த இழைக்கு மாறும்போது அதே டென்ஷன் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். அதற்கு ஒரு பவுண்டு இறக்குங்கள், ஏற்றாதீர்கள்.

பேட்டில் ‘20–24’ என்று எழுதியிருக்கிறது. 26 போட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாமல் ஒரு வருஷம் ஓடலாம். மெஷினிலேயே உடையவும் செய்யலாம். உடைந்தால் கம்பெனி வாரண்டி கிடையாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரிப் பையன் ஒருவன் 24 வரை தாங்கும் என்று எழுதிய பேட்டைக் கொண்டுவந்து 28 வேண்டும் என்றான். முடியாது என்றேன். “உடைஞ்சா என் பொறுப்பு, போடுங்க” என்றான். நானும் போட்டேன். நெடுக்கு முடிந்து குறுக்கில் எட்டாவது இழை இழுக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். மேல்பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கிற இடத்தில் சட்டம் உள்ளே மடங்கிவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது, இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியின் பேட்டோடு மோதியதில். பெயின்ட்டுக்குள் மறைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. பொறுப்பு தன்னுடையது என்று சொன்னவன் பதினைந்து நிமிடம் பேசவே இல்லை. பேட் அவன் அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டுவதில்லை, யார் பொறுப்பேற்றாலும். மெஷினில் ஏற்றுமுன் சட்டம் முழுவதையும் நகத்தால் தடவிப் பார்க்கிறேன்.

ஒரு கடையில் போட்ட 25-க்கும் இன்னொரு கடையில் போட்ட 25-க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மெஷின் வேறு, கை வேறு. கையால் சுற்றும் மெஷினில் சொன்ன அளவு வந்ததும் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்திலிருந்து இழை நீளும், இழுவை விடும். மின் மெஷின் இழை நீள நீளத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதே 25-இல் கை மெஷின் பேட் ஒன்றிரண்டு பவுண்டு குறைவாகத் தெரிவது சகஜம். எடைக்கல் தொங்குகிற மெஷினும் நல்ல மெஷின்தான், போடுகிறவருக்குப் பொறுமை இருந்தால். நான் மாதம் ஒரு தடவை ஸ்பிரிங் தராசை மாட்டி என் மெஷினைச் சரிபார்க்கிறேன். ஒரு தடவை முக்கால் கிலோ தப்பாக இருந்தது.

ஆகவே எண்ணை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஒரே ஆளிடம் போடுங்கள். அவருடைய 25 உண்மையில் 24-ஆகவே இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே 24-ஆக இருக்கும்.

குறுக்கு இழைக்கு மட்டும் கூடுதலாக ஏன் போடுகிறீர்கள்?

நெடுக்கு இழைகள் இழுக்கும்போது சட்டம் உயரத்தில் குறுகி அகலத்தில் விரியப் பார்க்கும். குறுக்கில் ஒன்று அல்லது இரண்டு பவுண்டு கூட்டி இழுத்தால் பழைய உருவத்துக்குத் திரும்பும். தவிர, குறுக்கு இழை இருபத்திரண்டு பாவைக் கடந்து வரும்போது உராய்வில் கொஞ்சம் பலத்தை இழந்துதான் வருகிறது. நீங்கள் 24 என்றால் நான் 24, 26 போடுவேன். சட்டம் தாங்குகிற அளவைக் கணக்குப் பார்க்கும்போது அந்த 26-ஐத்தான் பார்க்க வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு?

18 முதல் 20. பயிற்சியாளர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்’ என்று சட்டை தைக்கிற மாதிரி 25 போட்டுக் கொடுக்காதீர்கள்.

முழங்கை வலிக்கிறது. டென்ஷன்தான் காரணமா?

அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். இறுகிய இழை அதிர்வைக் கைக்குள் அதிகம் அனுப்பும். நடுவிடம் சிறியதாக இருப்பதால் தப்பான அடிகளும் கூடும். அடி போகவில்லையே என்று நீங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து இன்னும் பலமாக வீசுவீர்கள். மூன்றும் சேர்ந்து முழங்கையின் வெளிப்பக்கத்தில் வந்து நிற்கும். நம் ஊரில் நான்காவதாக வேர்வை இருக்கிறது: பிடி வழுக்குகிறது என்று இன்னும் இறுக்குவோம். துண்டுத் துணி மாதிரியான கிரிப் சுற்றிக்கொண்டால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

இரண்டு வாரம் ஓய்வு, பிறகு மூன்று பவுண்டு இறக்கி ஆடிப் பாருங்கள். வலி நிற்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். என்னிடம் வராதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கட் மாற்ற வேண்டும்? அறுகிற வரை ஆடலாமா?

வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருஷத்துக்கு அத்தனை முறை என்பது பழைய கணக்கு. வாரம் மூன்று நாள் ஆடினால் வருஷத்துக்கு மூன்று முறை. போட்டி ஆடுகிறவர்களுக்கு இது போதாது. அறுகிற வரை ஆடுவது நம் ஊர் வழக்கம்; 0.70 கட் ஒரு வருஷம்கூட அறுகாமல் கிடக்கும், ஆனால் உள்ளே உயிர் இருக்காது. இழைகள் ஆட்டத்துக்கு நடுவில் அடிக்கடி இடம் மாறி, விரலால் நேராக்க வேண்டி வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆட்டத்தின் நடுவில் ஓர் இழை அறுந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் ஒட்டுப் போட முடியுமா?

ஒட்டுப் போட்டால் அந்த இடம் மட்டும் ஓர் இழுவை, மற்ற இடமெல்லாம் ஓர் இழுவை. நான் போடுவதில்லை. அறுந்த உடனே செய்ய வேண்டிய காரியம் வேறு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் செய்வதில்லை. மீதி இழைகளையும் அங்கேயே வெட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் இழுவை போய் மறுபக்கம் 200 கிலோ இழுத்துக்கொண்டிருந்தால் சட்டம் கோணும். நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று என்று வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். பையில் ஒரு சின்னக் கத்தரி போட்டு வைத்தால் போதும்.

கட் போடக் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

போன முறை போட்ட கட்டின் பெயர், டென்ஷன், என்றைக்குப் போட்டது, எங்கே அறுந்தது. நடுவில் அறுந்திருந்தால் தேய்ந்து போனது, அது நல்ல சாவு. நுனியில் அறுந்திருந்தால் அடி தப்பிப் பட்டது. அப்படி இரண்டு மூன்று முறை அறுந்தால் டென்ஷனை இறக்குவதைப் பற்றிப் பேசுவோம். ஃபெதரா நைலானா, உள்ளரங்கமா வெளியா என்பதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்காகக் கைப்பிடிக்கு மேலே சின்னத் தாள் ஒட்டி, தேதியும் எண்ணும் எழுதித் தருகிறேன். அதைக் கிழித்துவிட்டு வந்து “போன தடவை எவ்வளவு போட்டோம், அண்ணாச்சி?” என்று கேட்காதீர்கள். என் நோட்டில் வைத்திருக்கிறேன்தான், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் தேட முடியாது.